ருக்மிணி தேவியும் கைத்தறிப் பட்டும்

ஓர் ஓவியத்தைக் கண்டால் அதை வரைந்தவர் யார் என்று கேட்கிறோம். ஒரு கீர்த்தனையைக் கேட்டால் அதை இயற்றியவர் யார் என்று அறிய விரும்புகிறோம். பட்டுச் சேலையைக் கண்டால் மட்டும் விலை என்ன என்று கேட்கிறோம். எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்கிறோம். கரை இத்தனை விரல் அகலம் இருக்கவேண்டும், உடல் மஞ்சளானால் கரை அரக்காக அமையவேண்டும், முந்தானையில் சரிகை இவ்வளவுதான் வரலாம் என்றெல்லாம் எண்ணி முடிவு செய்த மனிதர் ஒருவர் இருந்திருப்பார் என்னும் நினைவே நமக்கு எழுவதில்லை. மாணவ நண்பர்களே, அவ்வாறு முடிவு செய்தவர்களுள் ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் உங்களுக்குப் புதிதன்று. வேறொரு கலையின் வாயிலாக அப்பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பரத நாட்டியத்தைப் புதிய மேடைக்குக் கொண்டு வந்தவர்களுள் ஒருவரான ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர்.

நான் ஆரணிப் பக்கத்தவன். கமண்டல நாகநதியின் கரையில் உள்ள அந்த ஊரின் பெயரைச் சொன்னவுடன், வரலாறு பயில்வோர்க்கு 1751-இல் நடந்த ஆரணிப் போரும் இராபர்ட் கிளைவும் நினைவுக்கு வரலாம். நம் தாய்மார்களுக்கு நினைவுக்கு வருவது பட்டு. ஊருக்குப் பெருமை தருவது தாய்மார்களின் நினைவே என்பது என் கருத்து. ஆரணியிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றூர்களிலும் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருப்பதைக் கண்டு வளர்ந்தவன் நான். காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைந்தது ஆரணிச் சேலை. விலையும் சற்றுக் குறைவு. சிறு கட்டங்கள் அதற்கு அழகு. இன்று ‘ஆரணிப் பட்டு’ என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன், அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் தறியருகே நின்றிருந்தேன். கத்தரிப்பூ நிறத்தில் உடல். அகலமான பச்சைக் கரை. சரிகை கோடு போல் மெலிந்து ஓடியது. “இந்தக் கரைக்கு என்ன பெயர்?” என்று கேட்டேன். “கலாக்ஷேத்ரா மாதிரிங்க ஐயா,” என்றார். யார் வரைந்தது என்று கேட்டேன். “கடைக்காரர் போட்டோ காட்டினாருங்க. அதைப் பார்த்து அட்டை அடிச்சு வாங்கினோம்,” என்று சொல்லிவிட்டு நாடாவை எறியத் தொடங்கினார். சென்னைத் திருவான்மியூரில் உள்ள ஒரு கலைக் கூடத்தின் பெயர் ஆரணியில் ஒரு கரையின் பெயராகிவிட்டது. அந்தக் கூடத்தை நிறுவியவர் யார் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை; அறியவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அந்தக் கரை எவ்வாறு அவர் தறிக்கு வந்து சேர்ந்தது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

ருக்மிணி தேவி 1904-இல் மதுரையில் பிறந்தவர். தியாசபிகல் சங்கத்தின் சூழலில் வளர்ந்து, 1920-இல் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்தார். உலகம் சுற்றினார். அன்னா பாவ்லோவா என்னும் இரஷ்ய நடனமணியின் நட்பு கிடைத்தது. பின்னர்ச் சதிர் ஆட்டத்தைக் கண்டு அதில் மனம் தோய்ந்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935-இல் அடையாற்றில் அவர் ஆடிய முதல் ஆட்டமும், 1936-இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்திரமும் நாட்டிய வரலாற்றில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவற்றை நான் விரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேடை ஏறுமுன்பே அவர் கண் ஆடையின் மீது சென்றது. அந்நாளில் சதிர் ஆடியவர்கள் கால்சட்டை போன்றதோர் உடையின் மேல் கனத்த சேலையைச் சுற்றிக்கொண்டு ஆடினர். கோயிற் சிற்பங்களில் உள்ள ஆடையமைப்பைப் பார்த்து, விசிறி மடிப்புடன் தைத்த புதிய உடையை ருக்மிணி தேவி அமைத்தார். தையலில் அவருக்கு உதவியவர் மேடம் காசான் என்னும் இத்தாலியப் பெண்மணி. இன்று உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடும் சிறுமி அணியும் உடை அந்த உடையின் வழிவந்ததே. இத்தகைய உடைக்கு ஏற்ற பட்டு வேண்டும். அரங்கின் விளக்கொளியில் நிறம் மங்காத பட்டு, மடிப்பு விரியும்போது கரை தெளிவாகத் தெரியும் பட்டு. கடையில் அப்போது கிடைத்த துணி அவருக்கு நிறைவு தரவில்லை. 1937-இல் கலாக்ஷேத்திரத்திலேயே நெசவுக்கூடம் தோன்றியது.

ஏன் நிறைவு தரவில்லை? இதற்கு நாம் சற்றே கடல் கடந்து செல்லவேண்டும். 1856-இல் இலண்டன் நகரில், வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். மருந்து வரவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று வந்தது. அதிலிருந்து தொடங்கிய செயற்கைச் சாயத் தொழில், அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் உலகம் எங்கும் பரவி, நம் நாட்டு அவுரியையும் மஞ்சிட்டியையும் அரக்கையும் சாயப் பானைகளிலிருந்து வெளியேற்றியது. புதிய சாயம் மலிவானது, எளிதாகக் கரைவது. ஆயின் பொருத்தம் அறியாமல் பயன்படுத்தினால் கண்ணைக் கூசச் செய்வது. ஒருபுறம் இது. மறுபுறம், வசதி மிக்க குடும்பங்களில் அயல்நாட்டு ஷிபானும் ஜார்ஜெட்டும் நாகரிகமாயின. அகன்ற கரையிட்ட கண்டாங்கியும் பட்டும் பாட்டிமார் உடையாகப் பெட்டிக்குள் போயின.

அந்தப் பெட்டிகளைத்தான் ருக்மிணி தேவி திறக்கச் செய்தார். பழங்குடும்பங்களில் இருந்த பழைய சேலைகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் நிறச் சேர்க்கையையும் கரையமைப்பையும் நெசவாளர்களைக் கொண்டு மீண்டும் தறியில் ஏற்றினார். கோபுரக் கரை, உருத்திராட்சம், மயிற்கண், மல்லிமொக்கு, வைர ஊசி என்னும் பழைய அணிகள் மறுபடியும் வந்தன. ஆயினும் பழையதை அப்படியே படியெடுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது, வேண்டாதவற்றை நீக்கியதே. பட்டுச் சேலையின் மதிப்பைச் சரிகையின் எடையால் அளக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சரிகை என்பது பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஆகவே அது சேலையில் ஒட்டிய நகை. நகையைப் பார்ப்பவன் துணியைப் பார்ப்பதில்லை. சரிகையைக் குறைத்தோ நீக்கியோ, நிறத்துக்கும் கரைக்கும் இடம் தந்த சேலைகள் கலாக்ஷேத்திரத்தின் அடையாளமாயின. ஒரு நிற உடலுக்கு அதற்கு நேர் எதிரான நிறத்தில் அகன்ற கரை, அவ்வளவுதான். கண் அங்கே நின்றுவிடும்.

இந்த “அவ்வளவுதான்” எவ்வளவு கடினம் என்பதைத் தறியறிந்தவர்களே அறிவர். நீளவாட்டில் செல்லும் இழை பாவு. குறுக்கே செல்லும் இழை ஊடை. பாவு சிவப்பாகவும் ஊடை மஞ்சளாகவும் இருந்தால் துணி எந்த நிறமாகும்? இரண்டும் கலந்து ஏறத்தாழச் செங்காவி நிறமாகும். சாதாரணச் சேலையில் உடலுக்குரிய ஊடையே கரை வழியாகவும் ஓடிவிடுகிறது. எனவே கரைப் பாவு எவ்வளவு நல்ல அரக்கு நிறமாக இருந்தாலும், உடலின் மஞ்சள் ஊடை அதன்மீது ஏறி அதன் தூய்மையைக் கெடுத்துவிடும். கரையில் அரக்கு அரக்காகவே நிற்கவேண்டுமானால் அங்கே ஊடையும் அரக்காக இருக்கவேண்டும். அதற்கு ஒரு நாடா போதாது. மூன்று நாடாக்கள் வேண்டும். இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பவேண்டும். இதனால் இதற்குக் கோர்வை என்று பெயர். ஒரு நெசவாளர் தறியில் அமர்ந்திருக்க, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுப்பார். முந்தானையின் பாவு வேறு நிறமானால், உடற்பாவின் இழை ஒவ்வொன்றோடும் முந்தானைப் பாவின் இழை ஒவ்வொன்றையும் இணைத்துச் சேர்க்கவேண்டும். அதைப் பேட்னி என்பர். ஆயிரக்கணக்கான இழைகள்!

எனவே ஒரு வடிவமைப்பாளர் “உடல் மஞ்சள், கரை அரக்கு” என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அதை மெய்ப்பிப்பவை நான்கு கைகள். ருக்மிணி தேவி வரைந்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர் அல்லர். தம் கூடத்திலேயே தறியை நிறுத்தியவர். நிறம் பிழைத்தால் அன்றே தெரியும். திருத்துவதும் அன்றே இயலும். நடனம் கற்கும் மாணவியர் இருந்த அதே வளாகத்தில் தறியோசையும் கேட்டது என்பது கலைக் கல்வி பற்றி நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்கிறது.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாட்டியத்தில் ருக்மிணி தேவி செய்த மாறுதல்கள், அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த பெண்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன என்று கருதுவோர் உளர். நெசவிலும் அத்தகைய கேள்வி எழுவது இயல்பு. பழைய சேலைகளின் நிறத்தையும் அணியையும் முதலில் கண்டவர்கள் பெயர் தெரியாத நெசவாளர்கள். ‘கலாக்ஷேத்திரச் சேலை’ என்று நாம் சொல்லும்போது தேர்ந்தவர் பெயர் நிற்கிறது. நெய்தவர் பெயர் நிற்பதில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் அணிந்த நீலம் ‘எம். எஸ். நீலம்’ என்று இன்றும் கடைகளில் வழங்குகிறது. அந்த நிறத்தை அவருக்காக உருவாக்கியவர் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் என்பர். அவர் பெயரால் அந்த நீலத்தை எவரும் கேட்டு வாங்குவதில்லை.

பெயரில்லாத பொருளை எடுத்துச் செல்வது எளிது. 1866-இல் ஜான் போர்பஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பை இலண்டனில் உருவாக்கினார். அதில் 700 துணி மாதிரிகள். அத்தகைய தொகுப்புகள் 20. அவற்றுள் 13 பிரிட்டனின் தொழில் நகரங்களுக்கும் நிலையங்களுக்கும் சென்றன, 7 இந்தியாவுக்கு. இந்தியர் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்பதைப் பிரிட்டிஷ் ஆலை முதலாளிகள் கண்டு, அதைப் போலவே நெய்து நமக்கே விற்கவேண்டும் என்பது நோக்கம். அந்நாளில் ஆரணி பட்டுக்கு மட்டுமன்றி மெல்லிய மஸ்லின் துணிக்கும் பெயர் பெற்றிருந்தது. மஸ்லின் போயிற்று, பட்டு நின்றது.

நாடு விடுதலை பெற்றபின், தனி ஒருவரின் கூடத்தில் நடந்த பணி அரசின் பணியாகவும் விரிந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாய் கைவினைகளுக்காகவும், புபுல் ஜயகர் கைத்தறிக்காகவும் உழைத்தனர். 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றின. ஓவியக் கல்லூரியில் பயின்றவர்கள் அங்கே வேலைக்கு அமர்ந்து, தறிக்காரர்களோடு சேர்ந்து புதிய அணிகளை வரைந்தனர். காஞ்சிபுரத்திலும் அத்தகைய மையம் உண்டு. 1978-இல் கமலாதேவியின் ஊக்கத்தால் கலாக்ஷேத்திரத்தில் இயற்கைச் சாயத்துக்கும் கலம்காரிக்கும் ஒரு பிரிவு அமைந்தது. பெர்க்கின் வெளியேற்றிய பானைகள் ஓரளவு திரும்பி வந்தன என்று சொல்லலாம். 1986-இல் ருக்மிணி தேவி மறைந்தார்.

இனி, அந்த ஆரணி நெசவாளர் சொன்ன அட்டைக்கு வருவோம். கரையில் பூவோ கோபுரமோ அமையவேண்டுமானால், ஒவ்வொரு வரிசையிலும் எந்தப் பாவிழைகள் மேலே எழவேண்டும் என்பதை யாராவது நினைவில் வைத்திருக்கவேண்டும். முற்காலத்தில் அந்த நினைவை நூற்கயிறுகளில் முடிந்து வைத்தனர். ‘அடை’ என்று அதற்குப் பெயர். உதவியாளர் உரிய கயிற்றை இழுக்க, உரிய இழைகள் எழும். 1804-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு இந்த நினைவைத் துளையிட்ட அட்டைகளுக்கு மாற்றினார். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், இழை எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் ஒரு பூவை எழுதிவிடலாம் என்பதை உலகுக்குக் காட்டியது இந்தக் கருவி. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படத்துக்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதை அந்தப் படத்தைத் தம் வீட்டில் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளையிட்ட அட்டை முறையையே கொண்டார். கணிப்பொறி பயிலும் மாணவர்கள் ஆரணிக்குப் போனால், தங்கள் துறையின் பாட்டனாரை அங்கே தறியின் மேல் அமர்ந்த நிலையில் காணலாம். இப்போது அட்டையையும் நீக்கிக் கணிப்பொறியே நேராக இழைகளை எழுப்பும் ஜக்கார்டுகளும் வந்துவிட்டன.

இதன் விளைவு இருவகை. முன்பு ஓர் அணியைப் புதிதாக அமைக்கப் பல நாள் உழைப்பு வேண்டும்; ஆகவே அமைத்த அணி பல்லாண்டு நிலைத்தது. இப்போது ஒரு புகைப்படம் போதும். திருவான்மியூரில் பிறந்த கரை ஆரணிக்கு வருவதும், ஆரணிக் கட்டம் வேறோர் ஊரின் விசைத்தறிக்குச் செல்வதும் சில நாட்களின் வேலை. கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கி 1985-இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. ஆனால் வாங்குவோர்க்கு வேறுபாடு தெரியாத வரையில், சட்டம் தறியருகே காவல் நிற்க இயலாது.

கோர்வைதான் எனக்குக் கவலை தருவது. அட்டையால் பூவைப் படியெடுக்கலாம். பக்கத்தில் அமரும் இரண்டாவது ஆளைப் படியெடுக்க முடியாது. பட்டு நெசவூர்கள் பலவற்றில் அந்த இரண்டாவது ஆள் முன்பு ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான், இருந்தாள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. அந்தக் குழந்தைகள் தறியைவிட்டுப் பள்ளிக்குப் போனது மிகவும் நன்று. அதனால் கோர்வைச் சேலைகள் அருகினவென்றால் அருகட்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் வழி அது ஒன்றேயன்று. அந்த இடத்தில் வளர்ந்த ஒருவரை அமர்த்தி, வளர்ந்தவருக்குரிய கூலி கொடுப்பது ஒரு வழி. ஒருவரே கோர்வை நெய்ய உதவும் கருவிகள் சில ஆக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செம்மை செய்வது மற்றொரு வழி. கோர்வை இன்றியே அழகாக அமையும் புதிய கரைகளை எண்ணிக் காண்பது மூன்றாவது வழி. பாவும் ஊடையும் கலந்து பிறக்கும் அந்த இரட்டை நிறத்தையே குறையாகக் கருதாமல் அழகாக ஆளும் கண் அதற்கு வேண்டும். எடை குறைந்த, கட்டமிட்ட ஆரணிச் சேலைக்கு இந்த மூன்றாவது வழி மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய பயிற்சிக்கு இடங்கள் இருக்கின்றன. சேலத்தில் 1960-இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் உண்டு. 1850-இல் தோன்றிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் துணி வடிவமைப்பும் கற்பிக்கின்றனர். ஆரணி, தேவிகாபுரம் போன்ற ஊர்களின் நெசவாளர் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்கு வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தறியை விட்டு விலகுவதற்கே படிக்கின்றனர். கூலியைக் கணக்கிட்டால் அவர்களைக் குறை கூறவும் இயலாது. அவர்களுள் ஒருவர் வடிவமைப்பு கற்றுத் திரும்பினால், வரைபவரும் நெய்பவரும் ஒரே வீட்டில் இருப்பர். ருக்மிணி தேவி தறியைத் தம் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இவர்களுக்குத் தறி வீட்டிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டில் பாட்டியார் பட்டுச் சேலை ஏதேனும் இருந்தால், அவர்கள் ஒப்புதலோடு அதை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உட்புறம் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை நோக்குங்கள். கரையின் நிறம் எவ்வகைக் கலப்பும் இன்றித் தூயதாக நின்று, சேரும் இடத்தில் இரு நிற இழைகளும் ஒன்றையொன்று பற்றித் திரும்பியிருந்தால் அது கோர்வை. முந்தானை தொடங்கும் இடத்தில் விரலால் தடவும்போது மெல்லிய மேடு தட்டுப்பட்டால் அது பேட்னி. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எந்த ஊரில் நெய்தது, கோர்வைக்கு எத்தனை பேர் அமர்ந்தனர் என்றும் கேளுங்கள். விலை கூடுதலாகச் சொன்னால், அந்தக் கூடுதல் இரண்டாவது ஆளின் கூலியா, சரிகையின் எடையா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.